முனையில நின்னது யாரு

பொய் சொல்றவங்களை நான் முகத்தை வெச்சுக் கண்டுபிடிக்கறதில்ல, கையை வெச்சுத்தான். இருபத்திரண்டு வருஷமா பஸ்ல டிக்கெட் பரிசோதகர் வேலை பார்க்கறேன். டிக்கெட் எடுக்காத ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவான், தூங்கற மாதிரி நடிப்பான், சில பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்வாங்க. கை மட்டும் சும்மா இருக்காது. சட்டைப் பையைத் தொடும், ஜிப்பைத் திறந்து மூடும்.

எங்க பைக் குழு கிளம்பற அன்னைக்குக் காலையில ஊர் எல்லை டீக்கடைக்குள்ள நான் நுழைஞ்சதும் அத்தனை பேர் பேச்சும் டக்குனு நின்னுபோச்சு. நான் கைகளைப் பார்த்தேன். தபால்காரர் கையுறையைக் கழட்டி மறுபடியும் மாட்டினார். பேக்கரிக்காரர் காலி டம்ளரை எடுத்து வாயில வெச்சார். கண்ணாடிக்கடைக்காரர், ஏற்கெனவே பளபளன்னு இருந்த தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிச்சார். சரிதான், ஆள் இந்தக் கூட்டத்துக்குள்ளதான் இருக்கான்னு நினைச்சுக்கிட்டேன்.

நான் தேடற ஆள் யாருன்னு முதல்ல சொல்லிடறேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஏரிக்கரை மைதானத்துல பெரிய மோட்டார் சைக்கிள் ரேலி நடக்கும். மூணு நாள், ஆயிரக்கணக்குல வண்டிங்க. நெடுஞ்சாலையில போனா ஆறு மணி நேரத்துல போயிடலாம். எங்க குழு அப்படிப் போகாது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல புகையைக் குடிச்சுக்கிட்டுப் போறதுக்கு வீட்டுலயே படுத்துக் கிடக்கலாம்பார் எங்க தலைவர். அவர்தான் தபால்காரர். முப்பது வருஷம் கடிதம் சுமந்த மனுஷனுக்குச் சுத்துவட்டாரத்துல இருக்கற ஒத்தையடிப் பாதைகூட அத்துப்படி. மத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பாதி தூரம் போனுக்கு சிக்னலும் இருக்காது.

அதனால ஒரு முறை வெச்சிருக்கோம். ரோடு பிரியற இடம் வந்தா, தலைவருக்கு அடுத்து வர்றவர் அங்கேயே வண்டியை நிறுத்தி, போக வேண்டிய பக்கம் கையைக் காட்டிக்கிட்டு நிக்கணும். மத்தவங்க எல்லாரும் கடந்து போவாங்க. கடைசி ஆள் ஆரஞ்சு கலர் மேல்சட்டை போட்டிருப்பார். அவர் தாண்டின அப்புறம்தான் முனையில நிக்கறவர் கிளம்பணும். ஒரு பிரிவுல யாருமே நிக்கலைன்னா, அங்க திரும்ப வேண்டாம், நேரா போகணும்னு அர்த்தம். அவ்வளவுதான் சட்டம். குழந்தைகூடப் புரிஞ்சுக்கும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் முனையை விட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. நல்ல மழை. எங்க வீட்டுக்காரர் டயர் பஞ்சராகி எல்லாருக்கும் பின்னாடி தங்கிட்டார். பஞ்சர் ஒட்டிக்கிட்டு வந்து பார்த்தா பிரிவுல ஆள் இல்ல. நேரா போனார். அந்த ரோட்டுல மழைத் தண்ணி பாலத்தையே அரிச்சுட்டுப் போயிருந்தது. வண்டியோட உள்ள விழுந்தார். இடது தொடை எலும்பு மூணு துண்டு. பதினொரு மாசம் படுக்கை, ரெண்டு ஆபரேஷன். லிஃப்ட் மெக்கானிக்கா மாடி மாடியா ஏறி இறங்கின மனுஷன், இன்னைக்கு அலுவலகத்துல உட்கார்ந்து புகார் போன் எடுக்கறார்.

யார் அந்த முனையில நின்னதுன்னு ஒருத்தரும் வாயைத் திறக்கலை. கேட்டா மழை, இருட்டு, ஞாபகம் இல்லன்னு மென்னு முழுங்கினாங்க. வீட்டுக்காரரைக் கேட்டா, "விடு, தெரிஞ்சு என்ன ஆகப்போகுது"ன்னு முடிச்சுடுவார். நான் விடற ஆளா? அன்னைக்குப் பாதையில மொத்தம் பதினொரு முனை. ஆறாவதுல நின்னது நான். ஆரஞ்சு சட்டை என்னைத் தாண்டிப் போனதை என் கண்ணாலப் பார்த்துட்டுத்தான் கிளம்பினேன். அதைக் கழிச்சா பத்து. பத்துப் பேர் பேரையும் டிக்கெட் புத்தகத்தோட பின் அட்டையில எழுதி, ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே வந்தேன். கடைசியில ஒரு பேர்தான் மிச்சம்.

கண்ணாடிக்கடைக்காரர்.

ஏன்னு கேளுங்க. விபத்து நடந்ததுலேர்ந்து ஞாயித்துக்கிழமை தவறாம வீட்டுக்கு வருவார், ஒரு பை ஆரஞ்சுப்பழத்தோட. வீட்டுக்காரர் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து ஒண்ணும் பேசமாட்டார். நான் உள்ளே வந்தா எழுந்துடுவார். நான் கேட்காமலே எனக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். குத்தம் செய்யாதவன் எவனாவது வாரா வாரம் பழம் சுமப்பானா? என் அண்ணன்கூட ரெண்டு தடவைதான் வந்து எட்டிப் பார்த்தான்.

இந்த வருஷம்தான் வீட்டுக்காரர் மறுபடியும் வண்டியில ஏறறார். வீட்டுக்குப் பின்னாடி இருக்கற சந்துல ஆறு மாசம் பழகினார். இடது கால்தானே கியர் போடற கால், ஒவ்வொரு கியருக்கும் பல்லைக் கடிப்பார். "இந்தத் தடவை மைதானத்து வாசல் வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போறேன். முடியலைன்னா இனிமே வண்டியைத் தொடமாட்டேன்"னு சொல்லிட்டார். சொன்னா சொன்னதுதான், அந்த விஷயத்துல பிடிவாதக்காரர். அவர் முழுசாப் போய்ச் சேரணும், எனக்கு அது ஒண்ணுதான் வேணும். ஆனா அதே ஆள் இந்தத் தடவையும் ஏதாவது ஒரு முனையில நிப்பானே, அவனை விடக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன்.

"நான் உங்க பின்னாடியே வர்றேன்"னு சொன்னேன்.

"நீ என் பின்னாடி வந்தா நான் ஓட்டலை. உன் பாட்டுக்கு முன்னாடி போ. கடைசியில பேக்கரிக்காரர் கூட மெதுவா வந்துக்கறேன்"ன்னார்.

பேக்கரிக்காரர் இந்த வருஷம் ஆரஞ்சு சட்டை. நல்ல பருமன், அந்தச் சட்டை அவருக்கு மார்பு வரைக்கும்தான் மூடும். சரி, அவரைச் சந்தேகப்பட ஒண்ணும் கிடைக்கலைன்னு விட்டேன்.

மொத்தம் பதினாறு வண்டி கிளம்பினோம். முதல் ஒரு மணி நேரத்துலயே எனக்கு மூக்குல வேர்த்துடுச்சு. தபால்காரருக்கு அடுத்த இடம் எனக்கு வரவே இல்ல. வரிசை நகர்ந்து நகர்ந்து நான் ரெண்டாவதா வர்ற நேரம் பார்த்து, யாராவது ஒருத்தர் விர்ருனு என்னைத் தாண்டிப் போய் முன்னாடி நுழைஞ்சுடுவாங்க. ஒரு தடவைன்னா சரி. நாலு தடவை! பெட்ரோல் போட நின்ன இடத்துல தபால்காரரைப் பிடிச்சேன்.

"என்ன விஷயம்? எனக்கு மட்டும் முனை கிடையாதா?"

"அதெல்லாம் இல்லம்மா. நீங்க ஏன் வெயில்ல நின்னுக்கிட்டு... வீட்டுக்காரரைப் பாருங்க."

"வீட்டுக்காரர் பின்னாடி இருக்கார். நான் முன்னாடி இருக்கேன். எப்படிப் பார்க்கறது, முதுகுல கண்ணா இருக்கு?"

அவர் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். நான் அதையும் பார்த்து வெச்சுக்கிட்டேன். முனையில நின்னா எல்லாரையும் பார்க்கலாம், யார் எப்போ வர்றாங்க போறாங்கன்னு கணக்கு தெரியும். என்னை நிக்க விடாம பண்றாங்கன்னா, நான் எதையோ பார்த்துடக் கூடாதுன்னு பயப்படறாங்க. வேற என்ன காரணம் இருக்க முடியும்?

மத்தியானம் வழியில ஒரு டீக்கடையில டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுட்டுக் கிளம்பினப்போ நான் யாரையும் கேட்கலை. முதல் ஆளா வண்டியைக் கிளப்பி தபால்காரர் முதுகோட ஒட்டிக்கிட்டேன். ரெண்டு பேர் தாண்டப் பார்த்தாங்க. நடு ரோட்டுல ஓட்டினேன், ஹார்ன் அடிச்சா அடிங்கடான்னு. வீட்டுக்காரர் கால் வலிக்குதுன்னு அந்த டீக்கடையிலேயே இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தார், பேக்கரிக்காரர் துணைக்கு.

இருபது நிமிஷத்துல ஒரு பிரிவு வந்தது. நேரா போற ரோடு கல்குவாரிக்கு. அகலமா, லாரி டயர் அழுத்தின ரோடு. எங்க ரோடு இடது பக்கம், வேலிக்கு நடுவுல, பார்த்தா யார் வீட்டுக்கோ போற பாதை மாதிரி இருந்தது. ஆள் இல்லைன்னா நிச்சயம் நேரா போய்த்தான் மாட்டணும். தபால்காரர் நிறுத்தி, என்னைப் பார்த்தார், பின்னாடி பார்த்தார். அவருக்கு வழியில்ல. "சரிம்மா, நில்லுங்க"ன்னார். அப்புறம் பின்னாடி வந்த கண்ணாடிக்கடைக்காரரைக் கூப்பிட்டு, "நீயும் கூட நில்லு"ன்னார்.

ஒரு முனைக்கு ரெண்டு ஆளா! இந்தக் குழுவோட சரித்திரத்துலயே கிடையாது. எனக்குத் தலைக்குக் கோபம் சுர்ருனு ஏறிச்சு. அப்புறம் யோசிச்சேன், நல்லதாப் போச்சு, ஆள் என் கண் முன்னாடியே இருக்கட்டும்.

கையை இடது பக்கம் நீட்டிக்கிட்டு நின்னேன். ஒவ்வொரு வண்டியா திரும்பிப் போச்சு. பதினொண்ணு எண்ணினேன். அப்புறம் ரோடு காலி. வெயில் கொளுத்துது. கண்ணாடிக்கடைக்காரர் போனை எடுத்துப் பார்க்கறார், உள்ளே வைக்கறார், மறுபடியும் எடுக்கறார்.

"என்ன தம்பி, யாருக்கோ காத்துக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கு?"

"சிக்னல் இல்லக்கா. அந்த மேட்டுல கிடைக்கும்னு நினைக்கறேன். ரெண்டே நிமிஷம், ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்." வண்டியைத் திருப்பினவர் நின்னு, ரெண்டு கையையும் கூப்பினார். "அக்கா, தயவு செஞ்சு நீங்க மட்டும் இங்கேருந்து நகராதீங்க."

கையைக் கூப்பி ஒருத்தன் நகராதேன்னு கெஞ்சினா என்ன அர்த்தம்? அவர் போற இடத்துக்கு நான் வந்துடக் கூடாதுன்னு அர்த்தம். மேட்டு மேல பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கு. அதுக்குப் பின்னாடி போய் மறைஞ்சார். ரோட்டைப் பார்த்தேன், ஒரு ஈ காக்கா இல்ல. ரெண்டு நிமிஷம்தானேன்னு வண்டியைக் கிளப்பிட்டேன்.

கிடங்குக்கு இந்தப் பக்கமே இன்ஜினை அணைச்சுட்டு, சுவரோரமா நடந்து போனேன். அவர் குரல் தெளிவாக் கேட்டுது.

"...எங்க இருக்கீங்க அண்ணே? கிளம்பியாச்சா? ஆமா, முனையில அக்காதான். இல்ல இல்ல, தனியா விடலை, நானும் கூடத்தான் நிக்கறேன். அவரைப் பயப்படாம வரச் சொல்லுங்க. இல்லண்ணே, அக்காவுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது."

இதுக்கு மேல என்ன வேணும்? நேரா போய் முன்னாடி நின்னேன். மனுஷன் பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டார்.

"எனக்கு என்ன தெரியாது? சொல்லு."

"அக்கா, நீங்க ஏன் இங்க..."

"ரெண்டு வருஷமாப் பழத்தைக் கொண்டு வந்து கொட்டினா மறந்துடுவேன்னு நினைச்சியா? பதினொரு மாசம் அவருக்கு நான் கழிவுச் சட்டி எடுத்திருக்கேன். ராத்திரி ராத்திரி அவர் முனகறதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நீ என்னடான்னா நல்லவன் மாதிரி ஆரஞ்சு உரிச்சுக் கொடுக்கற. முனையை விட்டுட்டு ஓடினவன் நீதானே? ஆம்பளையா இருந்தா ஒத்துக்கோ!"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவங்க அம்மாவைக்கூட இழுத்துட்டேன். எவ்வளவு நேரம் கத்தினேன்னு எனக்கே தெரியாது. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னார். அது என்னை இன்னும் கிளப்பிவிட்டுது. கடைசியில, "நீ செஞ்சதுக்கு உன் பிள்ளைங்க கால் ஒடிஞ்சாத்தான் உனக்குத் தெரியும்"னு சொன்னேன். அப்போதான் நிமிர்ந்தார்.

"அது நீங்கதான் அக்கா."

"என்னது?"

"ஆறாவது முனை. அண்ணன் நேரா போய் விழுந்தது அங்கேதான். அன்னைக்கு மழைக்கு நான் ஒரு மழைக்கோட்டு போட்டிருந்தேன், ஆரஞ்சு கலர். என் பையன் வாங்கினது. நிஜமான கடைசி ஆள் பஞ்சருக்குத் துணையா அண்ணன் கூடவே நின்னுட்டார், அதனால வரிசையில கடைசியா வந்தது நான். என்னைக் கடைசி ஆள்னு நினைச்சு நீங்க கிளம்பிட்டீங்க. எனக்குப் பின்னாடி அண்ணனும் அவரும் இருந்தாங்க. ஆஸ்பத்திரியில கண்ணைத் திறந்ததும் அவர் எங்க எல்லாரையும் கூப்பிட்டு முதல்ல சொன்னது அதுதான், அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு. சத்தியம் வாங்கினார். வேற முனைன்னு உங்ககிட்ட மாத்திச் சொன்னதும் அவர்தான். நான் அந்தக் கோட்டைப் போடாம இருந்திருந்தா... அதான் வாரா வாரம் வந்தேன். வேற என்ன பண்றதுன்னு தெரியலை."

ஆரஞ்சு சட்டையை என் கண்ணாலப் பார்த்தேன்னு ரெண்டு வருஷமா எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன். மழையில ஒரு ஆரஞ்சு கலர் போச்சு, அவ்வளவுதான் நான் பார்த்தது. முகத்தைப் பார்த்தேனா? இல்ல. குளிருது, கை விறைச்சுப் போச்சு, எப்போ கிளம்பலாம்னு இருந்தேன்.

அப்போ கண்ணாடிக்கடைக்காரர் முகம் மாறிச்சு. "அக்கா, முனையில யாரு?"

முனையில யாரும் இல்ல.

மேட்டுலேருந்து எப்படி இறங்கினேன்னு ஞாபகம் இல்ல. பிரிவு வெறிச்சோடிக் கிடந்தது. மண்ணுல டயர் தடம் நூறு இருக்கு, எது வீட்டுக்காரரோடதுன்னு எப்படித் தெரியும்? பேக்கரிக்காரருக்குப் போன் அடிக்கலாம்னா அங்க சிக்னல் இல்ல. கல்குவாரிப் பக்கம் எங்கேயோ லாரி உறுமற சத்தம். அந்த ரோட்டுல வளைவுக்கு வளைவு லாரி வரும், அவருக்கு அவசரத்துக்குக் கியர் மாத்த வராது. கடவுளேன்னு சத்தமாவே சொன்னேன். குவாரிப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

கண்ணாடிக்கடைக்காரர் குறுக்கே வந்து மறிச்சார். "நீங்க போகக் கூடாது. அவங்க இன்னும் வரலைன்னா? ஒருத்தர் இங்க நின்னே ஆகணும். நான் போய்ப் பார்க்கறேன்."

என் புருஷன்டா, நான் போறேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. இத்தனை திட்டு வாங்கின மனுஷன் எனக்காக அங்க போய்த் தேடுவாரான்னு ஒரு நொடி அப்பவும் சந்தேகம்தான் வந்தது. என்னை என்ன சொல்ல! ஆனா அவர் சொன்னது சரி. இறங்கினேன். கையை இடது பக்கம் நீட்டினேன். அவர் நேரா குவாரி ரோட்டுல போய் மறைஞ்சார்.

அப்படியே நின்னேன். குவாரியிலேருந்து ஒரு லாரி வந்தது, ஓடிப் போய் மறிக்கலாம்னா முனையை விடணும். நின்ன இடத்துலேருந்தே கத்தினேன், வழியில பைக் ஏதாவது பார்த்தீங்களான்னு. டிரைவர் காதுல விழலை, கையை ஆட்டிட்டுப் போயிட்டார். தோள் இத்துப் போச்சு, கையை மாத்தலை. இன்னும் ஒரு லாரி. அது ஹார்ன் அடிச்சுக்கிட்டே போச்சு. பதினொரு மாசம் அவர் வலியில முனகினப்போ ஒவ்வொரு ராத்திரியும் நான் அந்த ஆளைச் சபிச்சிருக்கேன், அவர் காது பட. அதைக் கேட்டுக்கிட்டு அவர் கண்ணை மூடிப் படுத்திருப்பார். தூங்கிட்டார்னு நினைச்சுக்குவேன்.

சத்தம் பின்னாடிலேருந்து வந்தது. நாங்க வந்த ரோட்டுலேருந்து. திரும்பிப் பார்த்தா அவர் வண்டி, அதுக்குப் பின்னாடி பேக்கரிக்காரரோட ஆரஞ்சு சட்டை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கெல்லாம் ஒழுகிடுச்சு.

அவர் வண்டியை நிறுத்தி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார். என்னைப் பார்க்கலை முதல்ல. என் பக்கத்துல பார்த்தார், எனக்குப் பின்னாடி பார்த்தார்.

"அவன் எங்க? நீ தனியாவா நிக்கற?"

"உங்களைத் தேடி குவாரிக்குள்ள போயிருக்கார்."

"என்னை எதுக்குத் தேடணும்? கால் மரத்துப் போச்சு, வழியில மறுபடியும் நின்னுட்டோம். இப்பத்தானே வர்றோம்."

சமாளிச்சிருக்கலாம். அப்போலேருந்து இங்கேதான் நிக்கறேன்னு சொன்னா யாருக்குத் தெரியப்போகுது? எத்தனையோ பேர் என்கிட்டச் சொல்லியிருக்காங்க, டிக்கெட் காத்துல பறந்துடுச்சுன்னு.

"நடுவுல முனையை விட்டுட்டுப் போயிட்டேங்க"ன்னேன். "இன்னொண்ணும் தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு ஆறாவதுல நின்னது நான்தான்னு."

பேக்கரிக்காரர் வேற எங்கேயோ பார்த்தார். இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்தது. வீட்டுக்காரர் இடது தொடையைத் தேய்ச்சுக்கிட்டார்.

"நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லலை"ன்னார். அப்புறம், "சரி. ராத்திரி பேசிக்கலாம். எந்தப் பக்கம் போகணும்?"

என் கை இடது பக்கம் நீண்டுதான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துட்டு, கழுத்தைத் திருப்பி பேக்கரிக்காரரைப் பார்த்தார். பேக்கரிக்காரர் ஆமான்னு தலையாட்டினார். அதுக்கப்புறம்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு முதல் கியரைப் போட்டு இடது பக்கம் திரும்பினார்.

வேணும்னு செஞ்சிருக்கமாட்டார். செஞ்சதே அவருக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்குக் கோபம் வரலை, எந்த வாயால கோபப்படறது? அன்னைக்கு மழையில அவர் யாரையும் திரும்பிப் பார்க்கலை. முனையில ஆள் இல்ல, அப்போ நேரா போகணும்னு, எங்களை நம்பி அப்படியே போனார்.

"கிளம்புங்க அண்ணி"ன்னார் பேக்கரிக்காரர். "கடைசி ஆள் நான்தானே."

"நீங்க அவர் கூடப் போங்க. உள்ளே ஒருத்தர் இருக்கார். அவர் வெளியே வர்ற வரைக்கும் நான் நகரமாட்டேன்."

"நிஜமாத்தானே?"

"நிஜமாத்தான்."

அவர் நம்பின மாதிரி தெரியலை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டேதான் போனார்.